என் வயிற்றைக் காத்த ஜோடிக் காளான்

அன்புத் தங்கை யூச்சினுக்கு, ஹைலின் மலையடிவாரத்திலிருந்து அண்ணன் பாவ்ஷான் எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் ஹார்பினில் சௌக்கியம் என்று நம்புகிறேன். இங்கே நான் சௌக்கியம், அதிசயமாக என் வயிறும் சௌக்கியம்.

மூன்று வருடமாகத் தினைக் கஞ்சியைத் தவிர எதைத் தின்றாலும் என் வயிறு போர்க்கொடி தூக்கியது உனக்குத் தெரியும். நீ அனுப்பிய மாத்திரை எதற்கும் அது மசியவில்லை. குரங்குத்தலைக் காளான்தான் குடலுக்குக் கண்கண்ட மருந்து என்று ஊரே நச்சரிக்கவே, இலை பழுக்கத் தொடங்கியதும் காட்டுக்குப் போனேன். ஒரு மரத்தில் வெள்ளைத் தாடி மாதிரி ஒன்று தொங்கியது, பறித்தேன். ஒன்று கிடைத்தால் எதிர் மரத்தில் அதன் ஜோடி இருக்கும் என்பது நம் ஊரில் யாருக்குத் தெரியாது? திரும்பினேன். ஜோடி இருந்தது, அதைப் பறித்த கையும் இருந்தது. மர ஆலையில் சமையல் செய்தாளே பாய் ஃபெங்யிங், புருஷன் இறந்தபிறகு தனியாக இருப்பவள், அவள்தான்.

“ஜோடியைப் பிரிச்சா மருந்து வேலை செய்யாதும்மா, இப்படிக் குடு” என்றேன். அந்த நிமிடமே நான் இட்டுக்கட்டிய சாஸ்திரம்.

“அப்ப உம்ம காளானை இந்தக் கூடையில போடும்யா. எனக்கு மட்டும் வயிறு இல்லையா?”

கத்திக் கத்தித் தொண்டை வற்றியபின், ஒரே சட்டி, அவள் வீடு, அவள் கோழி என்று முடிவாயிற்று. அன்றுமுதல் தினமும் சாயங்காலம் அவள் வீட்டில் அடுப்பு அனல் அடியில் ஓடும் செங்கல் படுக்கையில் சப்பணமிட்டு உட்கார்ந்து சூப் குடிக்கிறேன். காளான் கண்ணில் படவேயில்லை. கேட்டால், “சாறு பூரா இறங்கிடுச்சு, சக்கையத் தேடி என்ன பண்ணப்போறீரு? மென்னு தின்னும், வயித்துக்குள்ள பல்லா இருக்கு?” என்று அதட்டுகிறாள். மெல்கிறேன். ஊர்க்கதை பேசுகிறோம், சிரிக்கிறோம், வெறும் வயிற்றில் ஊற்றும் சாராயம்கூட எனக்கு மறந்தேபோச்சு. போன வாரம் புளித்த முட்டைக்கோசுக் கொழுக்கட்டை ஒரு தட்டு தின்றேன், வயிறு வாயைத் திறக்கவில்லை!

அறுபத்தைந்து வயதில் வெட்கத்தை விட்டு எழுதுகிறேன்: அவளைக் கல்யாணம் பண்ணிக்கொள்ள ஆசை. அப்பா அம்மா இல்லாத இடத்தில் நீதான் சரி சொல்ல வேண்டும். அவளிடம் கேட்க இன்னும் தைரியம் வரவில்லை. காளானே ஜோடி சேர்த்த காரியம், மறுக்கமாட்டாள் என்றுதான் நினைக்கிறேன்.

உங்கள் வீட்டு அடுப்பு அணையாமலும் யார் வயிறும் கடுக்காமலும் இருக்க வாழ்த்தும்,
அண்ணன் பாவ்ஷான்

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள் ஃபெங்யிங் பிடுங்கிப் படித்துவிட்டாள். சிரித்துச் சிரித்து அவள் கண்ணில் தண்ணீர். “கசப்பு போக ஊறவெச்ச ரெண்டு காளானையும் முதல் நாளே என் வீட்டுப் பன்னி தின்னுடுச்சுய்யா! சொன்னா மறுநாள் வரமாட்டீருன்னு வாயே திறக்கல.”

“அப்ப கல்யாணம்?”

“இவ்வளவு சொல்லியும் புரியலையா உமக்கு?”

ஆகவே மாத்திரை அனுப்பாதே, நேரில் வா. விருந்துக்கு அந்தப் பன்றியைத்தான் அடிக்கிறோம். மருந்து வீணாகக்கூடாது.