சாவி கரைந்த சரஸ்வதி பூஜை

சால்ட் லேக், கல்கத்தா
12.2.2000

மகாராஜஸ்ரீ அத்திம்பேருக்கும் ராஜம் அக்காவுக்கும் வெங்கடசுப்ரமணியன் அநேக நமஸ்காரம். இங்கே நான், மீனாக்ஷி, குழந்தை சுபிக்ஷா மூவரும் உடம்பளவில் சௌக்கியம். மனசளவில் நான் மட்டும் இல்லை.

விஷயத்துக்கு வருகிறேன். தாங்கள் நம் பாங்கின் தலைமை அலுவலகத்தில், அதுவும் மாற்றல் பிரிவில் இருக்கிறீர்கள். என்னை உடனே சென்னைக்கோ, அல்லது வேறு எந்தக் காட்டுக்கோ மாற்றிவிடுங்கள். காரணம் எதிர் ஃபிளாட் ஸ்ரீனிவாசராகவன். அவரும் நம் பாங்க்தான், ஆனால் கெமிஸ்ட்ரி படித்தவர், நான் பி.காம். என் பெண்ணுக்கு எந்தச் சந்தேகம் வந்தாலும் நோட்டைத் தூக்கிக்கொண்டு அந்த வீட்டுக்குத்தான் ஓடுகிறாள். பெற்றவன் நான் இங்கே பேப்பர் படித்துக்கொண்டு குத்துக்கல்லாட்டம் உட்கார்ந்திருக்கிறேன். எனக்கு வயிற்றெரிச்சல்தான், ஒப்புக்கொள்கிறேன்.

போன வாரம் பள்ளிக்கூடத்தில் மின்னாற்பகுப்பு நடத்தி, ஆளுக்கொரு சாமானுக்குச் செம்பு முலாம் பூசி வெள்ளிக்கிழமை கொண்டுவரச் சொல்லிவிட்டார்கள். ஸ்ரீனிவாசராகவன் பெண் ஹம்சினி ஒரு ஸ்பூனைப் பளபளவென்று ஆக்கிவிட்டாள். சுபிக்ஷா நோட்டை எடுத்தாள். "எங்கேயும் போக வேண்டாம், நான் பண்ணித் தரேன்" என்று சொல்லிவிட்டேன். மயில்துத்தம், செம்புத் தகடு, பாட்டரிக்குப் பதிலாக டிரான்சிஸ்டருக்குக் கரண்ட் கொடுக்கும் எலிமினேட்டர் எல்லாம் சேர்த்தாச்சு. முலாம் பூச எங்கள் பீரோவின் பித்தளைச் சாவி. ஸ்பூனை விடக் கௌரவம் இல்லையோ? எந்த ஒயரை எதில் மாட்டுவது என்று பார்க்கப் புஸ்தகத்தைக் கேட்டால், அது தெருப் பந்தலில் சரஸ்வதி காலடியில் இருக்கிறது. அன்றைக்கு வியாழன், இவர்கள் ஊர் சரஸ்வதி பூஜை. "இன்னிக்குப் புஸ்தகத்தைத் தொட்டா ஆமி ஃபேல் கோரே ஜாபோ" என்று, ஃபெயிலாகிவிடுவாளாம், பெங்காலியில் அழுகிறாள். சரி, பெண் குழந்தை, படிப்பு விஷயம், பூஜை நாளும் அதுவுமாக யாராவது மைனஸில் வைப்பார்களா என்று சாவியைப் பிளஸ்ஸில் மாட்டி, தகட்டை மைனஸுக்குத் தள்ளிவிட்டேன். அப்புறம் பந்தலில் பிரசாதமாகக் கொடுத்த கிச்சுரியை, நம்மூர்ப் பொங்கல் மாதிரி, வயிறாரச் சாப்பிட்டுவிட்டுக் கண்ணயர்ந்தேன், எழுந்து பார்த்தால் செம்புத் தகடு கொழுத்திருக்கிறது, சாவியில் ஒரு பல் இல்லை. பிளஸ்ஸில் மாட்டியது கரையுமாம், மைனஸில் போய் ஒட்டிக்கொள்ளுமாம், இதை ஸ்ரீனிவாசராகவன் வந்து சொல்கிறார். "கனெக்ஷனை மாத்திட்டேள் சார், பரவாயில்லை." அந்தப் பரவாயில்லையைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

என் துணிமணி முழுக்கப் பூட்டிய பீரோவில். சாவிக்காரன் ஹவுராவிலிருந்து திங்களன்றுதான் வருவானாம். நேற்று ஸ்ரீனிவாசராகவனின் பேண்ட்டை மாட்டிக்கொண்டு ஆபீஸ் போனேன். அது எனக்குக் கச்சிதமாக வேறு இருந்து தொலைத்தது. குழந்தை அந்தப் பொக்கைச் சாவியைப் பள்ளிக்கூடத்துக்கு எடுத்துப் போனவள் திரும்பி வந்ததிலிருந்து என்னோடு பேசவில்லை. இனி இங்கே எனக்கு என்ன இருக்கிறது? மாற்றலைச் சீக்கிரம் முடித்துக்கொடுங்கள்.

அக்கா முழங்கால் வலிக்குத் தைலம் விடாமல் தடவட்டும். உங்கள் இருவர் ஆசீர்வாதம் எப்போதும் வேண்டும்.

இப்படிக்கு,
வெங்கடசுப்ரமணியன்

பி.கு.: உறையை ஒட்டப் போகும்போது சுபிக்ஷா வந்து நின்றாள். "எல்லாரும் சரியாப் பண்ணிண்டு வந்துட்டாப்பா. சாவி கரைஞ்சது எனக்கு மட்டும்தான். எப்படின்னு திங்கக்கிழமை கிளாஸ்ல பண்ணிக் காட்டச் சொல்லியிருக்கா மிஸ். சொல்லிக் குடு" என்றாள். "ஏன், உங்க எதிர் ஃபிளாட் மாமாவைக் கேக்கறதுதானே?" என்றேன், வீம்பாக. "அவருக்கு சரியாப் பண்ணத்தான் தெரியும். நீ வா" என்று கையைப் பிடித்து இழுக்கிறாள். ஆகவே மாற்றல் வேண்டாம், தயவுசெய்து நிறுத்திவிடுங்கள். உத்தரவு ஒருவேளை டைப் ஆகிவிட்டதென்றால் தாளை வீணாக்க வேண்டாம், பெயரை மட்டும் அடித்துவிட்டு ஸ்ரீனிவாசராகவன் என்று போட்டுவிடுங்கள்.