குடலுக்குள் படை திரட்டியவர்

ஓசி வயிற்று வைத்தியர் என்றொரு வகை மனிதர் உண்டு. படித்துப் பட்டம் வாங்கியவரில்லை. ஆனால் உங்கள் குடலுக்குள் நடப்பது உங்களைவிட அவருக்கு நன்றாகத் தெரியும். எங்கே இல்லை அவர்? ஓர் ஏப்பம் விட்டுப் பாருங்கள், பக்கத்தில் வந்து நிற்பார்.

தையல்கடை கட்டிங் மாஸ்டரையே எடுத்துக்கொள்ளுங்கள். மத்தியானம் கத்தரிக்கோலை வைத்துவிட்டு, ஒவ்வொருவர் டப்பாவாக எட்டிப் பார்த்து, இது நல்ல கிருமிக்குத் தீனி, இது கெட்ட கிருமிக்கு விருந்து, கெட்டது பெருத்தால் குடலில் புற்று என்று அவர் தீர்ப்புச் சொல்லி முடிப்பதற்குள் சாப்பாடு ஆறிவிடும்.

"கிருமி கிடக்கட்டும் மாஸ்டர், எனக்குப் பசிக்குது" என்பாள் பட்டனுக்குக் காஜா எடுக்கும் அக்கா.

அப்பேர்ப்பட்டவருக்கு வெளிக்குப் போகும்போது ரத்தம் போனது. ஊருக்கே உபதேசம் செய்தவர் இதைப் பற்றி மட்டும் மூச்சு விடவில்லை. மனைவி எப்படியோ கண்டுபிடித்து ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னார்: "சில கிருமி விடுற விஷம் குடல் சுவரைக் கெடுத்து, புற்று வரத் துணை போகலாம்னு ஆராய்ச்சில சொல்றாங்க. அது மட்டுமே காரணம்னு சொல்ல முடியாது. முதல்ல கேமரா விட்டுப் பாத்துடலாம். முந்தின நாள் மருந்து குடிச்சு வயித்தைக் கழுவிடணும்."

கழுவுவதா! மாஸ்டர் வீட்டுக்கு வந்து குதித்தார். "தயிர் ஊத்தி ஊத்தி வளர்த்த நல்ல கிருமிப் படைடி! ஒரே நாள்ல கழுவி விடச் சொல்றாங்க!"

"படை போனா திரும்ப வரும். நீங்க போனா?" மனைவி மருந்து டம்ளரை நீட்டினாள். "குடிங்க."

குடித்தார். கழிவறைக்கு ஓடிய ஒவ்வொரு தடவையும் படைக்கு வழியனுப்பு விழா நடத்திவிட்டு வந்தார்.

கேமரா விட்டுப் பார்த்ததில், உள்ளே இருந்தவை சின்னக் கட்டிகள் இரண்டு. அப்போதே கிள்ளி எடுத்துவிட்டார்கள். புற்று இல்லை, விட்டிருந்தால் ஆகியிருக்கலாம் என்றார் டாக்டரம்மா. மனைவி அழுதுகொண்டே சிரித்தாள்.

மாஸ்டர் திருந்தினாரா? நல்ல கதை! கடைக்கு வந்ததும் நெஞ்சை நிமிர்த்தினார். "ரெண்டோட நின்னுதே, எதனால? என் படையால!"

"அப்ப டாக்டரம்மா சும்மா வேடிக்கை பாத்தாங்களா?" என்றாள் அக்கா.

சிரிக்கிறீர்கள், சிரியுங்கள். நேற்று மைத்துனர் வயிற்றுக்கு எது ஆகும், எது ஆகாது என்று போனில் அரைமணி நேரம் அளந்தீர்களே, உங்களுக்கே ஒரு தொந்தரவு இருக்கிறதே, தானாகச் சரியாகிவிடும் என்று வீட்டில்கூடச் சொல்லாமல் வைத்திருக்கிறீர்களே, அதை டாக்டரிடம் காட்டினீர்களா? எனக்கென்ன, கேட்டேன்.