விரலண்ணன் சுட்ட குழல்

"இன்று விரல் அழுத்திய இடம் உடனே நிரம்பியது. பிழைத்தேன்." ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கத்தில், ஓர் ஐப்பசி வெள்ளிக்கிழமை, என் நாட்குறிப்பில் இப்படி எழுதியிருக்கிறேன். பினாங்கில் அன்று புலிக்குப் பயப்படாதவர்கள் இருந்தார்கள். விரலண்ணனின் கட்டைவிரலுக்குப் பயப்படாதவர் எவரும் இல்லை.

அவர் எங்கள் வட்டிக்கடைக் கிட்டங்கியின் சமையல்காரர். குமாஸ்தாக்களான எங்களுக்கு அங்கேயே வேலை, அங்கேயே படுக்கை, அங்கேயே பந்தி. ஊரெங்கும் பெரிபெரி பீதி. தீட்டிய வெள்ளை அரிசியே கதியென்று இருந்தால் கால் வீங்கி, மரத்து, கடைசியில் நெஞ்சு நின்றுவிடும் என்றார்கள். ஆஸ்பத்திரிக்குப் போன ஒருவரின் பாய் எங்கள் அறையில் சுருட்டியபடியே கிடந்தது.

ஆகவே, இலை போடுமுன் விரலண்ணன் ஒவ்வொருவர் கணுக்காலுக்கு மேலும் அழுத்திப் பார்ப்பார். குழி விழுந்து அப்படியே நின்றால் சோறு கிடையாது. குழல்தான்.

அமெரிக்கக் கப்பலில் தம்மோடு சமைத்த இத்தாலியன் கற்றுக்கொடுத்தது என்பார். கோதுமை மாவைத் தேய்த்து, வேகவைத்து, குழலாகச் சுருட்டி, தக்காளிச் சாறு ஊற்றி, பக்கத்து ரொட்டிக்கடை அடுப்பில் சுடுவது. இத்தாலியன் பால்கட்டி மட்டும் அடைத்தானாம். இவர் பாசிப்பயறும் கீரையும் சேர்த்துத் திணித்தார். நாங்களோ, மூடிய பண்டம் எதைக் கண்டாலும் உள்ளே கறியோ என்று நடுங்கும் சைவப் பந்தி.

ஒருநாள் என் காலில் விழுந்த குழி நிரம்பவேயில்லை.

"அண்ணே, இன்னொரு தரம் அமுக்கிப் பாருங்க."

"இது என்ன ஆர்மோனியமா, திரும்பத் திரும்ப அமுக்க?"

குழல் வந்தது.

"உள்ள என்னண்ணே இருக்கு?"

"உன் உசுரு இருக்கு. முழுங்குலா!"

முழுங்கினேன், வாரக்கணக்கில். கால் வீக்கம் வற்றியது. மாவு வெறும் உறைதான், காப்பாற்றியது பயறு என்று பிற்பாடு படித்தேன்.

பிறகு ஒரு மதியம், சுட்ட குழல் தட்டோடு வந்த விரலண்ணன் தடுமாறி உட்கார்ந்தார். வேட்டி விலகியது. வாழைத்தண்டு போல வீங்கிய கால்கள். நான் அழுத்தினேன். குழி நின்றது.

"அண்ணே, நீங்க குழல் சாப்பிடுறதே இல்லையா?"

"அந்தக் கண்றாவிய எவன்டா திம்பான்? எனக்கு ரசஞ்சோறு போதும்."

அன்று அவருக்கு நாங்கள் சோறு போடவில்லை. சுற்றி உட்கார்ந்து குழலைப் பிட்டு நீட்டினோம். வாயை இறுக மூடிக்கொண்டு, குழந்தை மாதிரி எங்களைப் பார்த்தார்.

"உள்ள என்னடா வச்சிருக்கீங்க?"

"உங்க உசுருண்ணே. முழுங்குங்க."

சில மாதங்களில் ஊருக்குக் கப்பலேறினார். நாகப்பட்டினத்தில் தம் காலாலேயே நடந்து இறங்கினார் என்று ஒருவர் சொன்னார். அதை இதுவரை என்னால் உறுதிசெய்ய முடியவில்லை. மறுக்கும் சான்று எதையும் நான் தேடவும் இல்லை.