கண்டிஷன் அக்காவும் கணினி படித்த கட்டுரைகளும்

மலேசியாவின் கிள்ளான் பள்ளத்தாக்கிலேயே கையெழுத்துப் போடுவதற்கு முன் எதையும் கடைசி வரி வரை படித்த ஒரே மனிதப் பிறவி எங்கள் கண்டிஷன் அக்காதான். மறுப்பவர்கள் தங்கள் கார் லோன் ஒப்பந்தத்தின் இரண்டாம் பக்கத்தில் என்ன இருக்கிறது என்று சொல்லிவிட்டு மறுக்கலாம்.

பெட்டாலிங் ஜெயா பக்கம் ஒரு பல்கலைக்கழக நூலகத்தில் நாங்கள் வேலை பார்த்தோம். பதிப்பாளர்களோடு மின்னிதழ்ச் சந்தா ஒப்பந்தம் போடுவது அக்காவின் வேலை. கூட இருந்து அவதிப்படுவது என் வேலை. பிரிக்பீல்ட்ஸுக்கு வாழையிலைச் சாப்பாட்டுக்குப் போனால், கார் நிறுத்துமிடத்து வாசலிலேயே வண்டியை நிறுத்தி, 'நிர்வாகம் பொறுப்பல்ல' பலகையின் கண்டிஷன்களை முழுசாகப் படிப்பார். பின்னால் அத்தனை காரும் ஹார்ன் அடிக்கும்.

"அக்கா, பசிக்குது லா!"

"இருப்பா. எதுக்கெல்லாம் பொறுப்பில்லன்னு தெரிஞ்சாத்தான் நிம்மதியா சாப்பிட முடியும்."

ஒரு திங்கட்கிழமை வம்பு வந்தது. கோகிலா என்ற ஆராய்ச்சி மாணவி, ஒரு பதிப்பாளரின் மின்னிதழ்களில் கொசுவால் வரும் டிங்கிக் காய்ச்சல் பற்றி வந்த ஆயிரக்கணக்கான கட்டுரைகளைக் கணினியை விட்டுப் படிக்கவைத்திருந்தாள். கண்ணால் படித்தால் ஓர் ஆயுள் போதாது. பதிப்பாளரின் இயந்திரமோ திருடன் புகுந்துவிட்டான் என்று நினைத்து, பல்கலைக்கழகம் முழுவதற்கும் கதவைச் சாத்திவிட்டது. பேராசிரியர்கள் எங்கள் அறையை முற்றுகையிட்டார்கள். "நான் எழுதின கட்டுரையையே என்னால திறக்க முடியல!" என்று ஒருவர் அழாத குறை.

தலைமை நூலகர் கோகிலாவின் வேலையை நிறுத்தச் சொல்லிவிட்டார்.

"அக்கா, அப்ப என் பிஎச்டி அவ்வளவுதானா?" என்று எங்கள் மேசை முன் நின்றாள் அந்தப் பெண்.

அக்கா ஒப்பந்தத்தைப் புரட்டினார். 'கணினி நிரல் கொண்டு அலசக் கூடாது' என்று ஒரு வரி. அக்கா வேலைக்கு வருவதற்கு முன்பே யாரோ படிக்காமல் கையெழுத்திட்டது. நல்ல வேளை, அதைப் புதுப்பிக்க வேண்டிய மாதம் அதுதான்.

பதிப்பாளரின் விற்பனைப் பிரதிநிதி டையும் சென்ட்டுமாக வந்தார்.

"கதவ திறந்துட்டோம் அக்கா. இங்க சைன் பண்ணுங்க. ஸ்டாண்டர்ட் காண்ட்ராக்ட்தான் லா."

"இந்த வரிய எடுங்க."

"அதுக்குத் தனி லைசென்ஸ் அக்கா. தனிக் காசு."

"கண்ணால படிச்சா சந்தாவுல சேர்த்தி, கம்ப்யூட்டர் படிச்சா தனிக் காசா? நான் கண்ணாடி போட்டுப் படிக்கிறேன். கண்ணாடிக்கு எவ்வளவு?"

அவர் சிரித்தார். அக்கா சிரிக்கவில்லை. கையெழுத்து இல்லையென்றால் மாதக் கடைசியில் கதவு ஒரேயடியாக மூடும் என்றார் அவர். கூடவே உட்கார்ந்திருந்த தலைமை நூலகர் அக்காவைப் பார்த்துக் கண்ணாலேயே கெஞ்சினார்.

"சரி, மொதல் பக்கத்துல இருந்து சேர்ந்து படிப்போம்" என்று அக்கா உரக்க வாசிக்க ஆரம்பித்தார். வரிக்கு வரி அர்த்தம் கேட்டார். மதியச் சாப்பாட்டு நேரம் போயிற்று. டை தளர்ந்தது. 'நியாயமான பயன்பாடு' என்றால் யாருக்கு நியாயம் என்று அக்கா கேட்ட இடத்தில் அந்த மனிதர் எழுந்து வெளியே ஓடி, மேலதிகாரிக்குப் போன் போட்டார்.

"பாஸ், அந்த வரிய எடுத்துடலாம் பாஸ். இன்னும் பாதி காண்ட்ராக்ட் பாக்கி இருக்கு பாஸ்!"

வரி போயிற்று. லாப நோக்கமில்லாத ஆராய்ச்சிக்குக் கணினி கொண்டு அலசலாம் என்று புது வரி வந்தது. அதையும் இரண்டு தரம் படித்த பிறகே அக்கா பேனாவைத் திறந்தார். சேதி கேட்டதும் நூலகம் என்பதையே மறந்து சந்தோஷத்தில் கத்தினாள் கோகிலா.

நான் பேன்ட்ரிக்குப் போனபோது அக்கா அங்கே தனியாக மைலோ கலக்கிக்கொண்டிருந்தார். பாதி மேசையில் கொட்டிக் கிடந்தது.

"நெஜமாவே மூடியிருந்தா என்னப்பா பண்ணியிருப்போம்? பயந்துட்டேன் லா."

கப்பை அவர் கையில் வைத்து, அவர் குடித்து முடிக்கும் வரை நானும் சேர்த்துப் பிடித்துக்கொண்டேன்.