வெள்ளையனும் வெங்கம்மாள் சேலையும்

நாய்க்கு அறிவு மூக்கில் இருக்கிறது. வாலிப வயதில் எனக்கு அது எங்கே இருந்தது என்பதை இன்றுவரை யாரும் கண்டுபிடித்துச் சொல்லவில்லை.

சீமையில் மகாராணி காலமாகி மகாராஜா பட்டத்துக்கு வந்த சமயம் எனக்குக் கல்யாணம் ஆயிற்று. ராஜபாளையத்திலிருந்து என் மனைவி வெங்கம்மாள் ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வந்தபோது, வண்டிக்குப் பின்னாலேயே ஓடிவந்தது அவள் வளர்த்த வேட்டைநாய் வெள்ளையன். பால் நிற உடம்பு, சிவந்த மூக்கு, கன்றுக்குட்டி உயரம். அந்த ஊர் நாய்க்கு எஜமான் ஒருவர்தான். மற்றவர்கள் எல்லாம் திருடர்கள் (புது மாப்பிள்ளை உட்பட).

வெங்கம்மாள் பக்கத்தில் நான் உட்கார்ந்தால் உறுமும். பேசினால் குரைக்கும்.

"கொஞ்ச நா போகட்டும், பழகிருவான்" என்றாள் அவள்.

நான் விடுவேனா? கறிச்சோறு போட்டேன், தின்றுவிட்டு உறுமியது. அதட்டிப் பார்த்தேன், வேப்பமரத்தில் ஏறவேண்டி வந்தது (நான்தான் ஏறினேன்).

ஒரு மழைநாளில் வெங்கம்மாள் தலையோடு சாக்கைப் போர்த்திக்கொண்டு கொல்லையிலிருந்து வந்தாள். முகமே தெரியவில்லை. ஆனாலும் வெள்ளையன் வாலை ஆட்டியது. எனக்குப் பளிச்சென்று விளங்கிவிட்டது. நாய் ஆளை முகத்தால் அறிவதில்லை, வாசனையால் அறிகிறது! மறுநாள் காலையில் அவள் தண்ணீருக்குப் போனதும், முதல்நாள் அவள் உடுத்திய சேலையை எடுத்துச் சுற்றிக்கொண்டு முக்காடும் போட்டேன். மீசை மட்டும் வெளியே தெரிந்தது.

வெள்ளையன் வந்து முந்தானையை மோந்தது. வால் ஆடியது. ஜெயித்துவிட்டேன் என்று அதன் தலையில் கைவைத்தேன். கையை மோந்தது. வால் நின்றது.

திருடன் இப்போது சேலையையும் திருடிவிட்டான்! அது முந்தானையைக் கவ்வ, நான் உதறிக்கொண்டு தெருவில் பாய்ந்தேன். கோயிலுக்குப் போகிற கூட்டம் பயபக்தியோடு வழிவிட்டது. சேலை தடுக்கி நான் விழுந்த இடத்தில் ஒரு மாட்டுவண்டி வந்து நின்றது. இறங்கியவர், மகளைப் பார்க்க வந்த என் மாமனார்.

"இது எம் மகளுக்கு நான் எடுத்துக் குடுத்த சேலைல்லா! எவம்லே நீ, திருட்டுப் பயலே?" என்று கம்பை ஓங்கினார்.

"மாமா, நாந்தான்" என்று சொல்ல நினைத்தேன். அதற்குள் கம்பு தலைக்கு மேலே வந்துவிட்டது. கண்ணை மூடிக்கொண்டேன். அடி விழவில்லை. கண்ணைத் திறந்தால், எனக்கும் அவருக்கும் நடுவே வெள்ளையன் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறது! குட்டியிலிருந்து தனக்குச் சோறு போட்டவரை ஓரடி நெருங்கவிடவில்லை. வீட்டுக்குள் நான் திருடன்தான். ஆனால் தெருவில் ஒருவன் என்மேல் கம்பை ஓங்கினால், நான் அதன் வீட்டு ஆள்.

மாமனார் நின்ற இடத்திலிருந்தே குனிந்து முக்காட்டுக்குள் பார்த்தார். கம்பு தானாகக் கீழே விழுந்தது.

"மாப்பிள்ளே... நீங்களா?"

சத்தம் கேட்டுக் குடத்தோடு ஓடிவந்த வெங்கம்மாள் என்னைப் பார்த்தாள், நாயைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள். "ஐயா, ஒண்ணும் கேக்காதீக. வீட்டுக்கு வாங்க" என்றாள். சிரிப்பில் குடத்துத் தண்ணீர் பாதி தெருவில் போயிற்று.

அன்று மத்தியானம் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். வெள்ளையன் உறுமியது. ஆனால் ஏதோ கடமைக்கு.

வெள்ளையன் போய் எத்தனையோ வருஷமாகிவிட்டது. இன்றும் பிள்ளைகள் என்னைக் கேலி செய்தால் வெங்கம்மாள் அகப்பையோடு வந்து நிற்பாள்: "அவியள நான் ஏசலாம், நாய் விரட்டலாம். வேற யாரும் ஒரு சொல் சொல்லப்படாது!"