மாப்பிள்ளைக்கு, பூங்குழலியின் விரல்கள் குறித்து

கீழப்பழுவூர்,
ஞாயிற்றுக்கிழமை.

பெருமதிப்பிற்குரிய மாப்பிள்ளை தமிழழகன் அவர்களுக்கு,

மாமனார் நல்லுசாமி எழுதிக்கொள்வது. இங்கே நான், உங்கள் அத்தை வளர்மதி, உங்கள் மனைவி பூங்குழலி, அவள் வயிற்றில் இருக்கும் உங்கள் வாரிசு ஆக நால்வரும் நலம். கடைசியாகச் சொன்னவர் மட்டும் ராப்பகல் பாராமல் கால்பந்து பழகுகிறார். ஓசூரில் உங்கள் உடம்பும் ஷிப்டும் மெஸ் சாப்பாடும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போக வேண்டும் என்று கல்லங்குறிச்சிப் பெருமாளை வேண்டிக்கொள்கிறேன்.

கையில் போன் இருக்க, இந்தக் காலத்தில் யார் கடிதம் எழுதுகிறார்கள் என்று நினைப்பீர்கள். போனில் உங்களிடம் எனக்கு வருவது மூன்றே வாக்கியம். "சாப்டீங்களா மாப்ள?", "அங்க மழையா?", "சரி, வச்சிடட்டுமா?" மூன்றாவதை முடிப்பதற்குள் உங்கள் அத்தை போனைப் பிடுங்கிவிடுவாள். வாழ்நாள் முழுவதும் பள்ளிக்கூட மைதானத்தில் கத்தியே சம்பளம் வாங்கிய விளையாட்டு வாத்தியார் நான். மெதுவாகச் சொல்ல வேண்டியதெல்லாம் எனக்கு எழுத்தில்தான் வருகிறது.

நீங்கள் கேட்டவை இரண்டு. கம்பெனியில் சேர்ந்தாற்போல ஒரே ஒரு தடவைதான் லீவு தருவார்களாம், அதைப் பிரசவத்துக்கு முன்பே எடுத்துக்கொண்டு வரவா, பிள்ளை பிறந்த பிறகு வரவா என்பது ஒன்று. பூங்குழலி நகக்கண்ணைப் பிய்க்கிற பழக்கத்தை விட்டாளா என்பது மற்றொன்று. முதல் கேள்விக்கு அம்மாவும் மகளும் ஒரே குரலில் தீர்ப்புச் சொல்லிவிட்டார்கள். "ஆம்பளைங்க முன்னாடியே வந்து என்ன பண்ணப் போறாங்க? வாசல்ல குறுக்க நெடுக்க நடப்பாங்க. அவங்களுக்கும் சேத்து நாம காப்பி போடணும்" என்றாள் அத்தை. "ஆமாம்மா, லீவ வீணடிக்க வேணாம்" என்றாள் பூங்குழலி. ஆகவே நீங்கள் பிறகு வந்தால் போதும். இந்தக் கடிதம் இரண்டாவது கேள்விக்கான பதில்.

உங்களுக்குத் தெரியாததில்லை, அவள் நகம் கடிப்பவள் அல்ல. நகத்தை ஒட்டிய தோலில் எங்காவது ஒரு பிசிறு தட்டுப்பட்டால் போதும், அதைச் சுரண்டி, நிமிண்டி, ரத்தம் பார்த்த பிறகுதான் விடுவாள். போன மாதம் அதில் நகச்சுத்தி வந்து கட்டைவிரல் சுண்டைக்காய் போல வீங்கியபோது டாக்டரம்மா களிம்பு எழுதிக் கொடுத்துவிட்டுச் சொன்னார்: "விரல் பூரா புண்ண வச்சிக்கிட்டு பச்சப் பிள்ளையக் குளிப்பாட்ட முடியாதும்மா. பொறக்கறதுக்குள்ள எல்லாம் ஆறியிருக்கணும்." வளைகாப்பு முடிந்து பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில் எங்களை வண்டி ஏற்றிவிட்டபோது மற்றவர்களெல்லாம் சீர்த் தட்டை எண்ணிக்கொண்டிருந்தார்கள். நீங்கள் மட்டும் ஜன்னலோரம் வந்து, "மாமா, அவ விரல மட்டும் கொஞ்சம் பாத்துக்கங்க" என்றீர்கள். பெண்ணைச் சரியான இடத்தில்தான் கொடுத்திருக்கிறோம் என்று எனக்கு அன்றைக்குத்தான் முழுசாக நிம்மதி வந்தது. பாத்துக்கிறேன் மாப்ள என்று வாக்குக் கொடுத்துவிட்டேன். கொடுத்த வாக்கு என்னை என்ன பாடு படுத்தியது என்பதைக் கீழே காண்க.

முதலில் நான் நம்பியது வளையலை. இரண்டு வீட்டுப் பெண்களும் மாற்றி மாற்றிப் போட்டுவிட்டதில் அவளுக்கு முழங்கை வரை கண்ணாடி வளையல். வயிற்றுப் பிள்ளைக்கு அந்தச் சத்தம் கேட்க வேண்டும் என்பார்கள். பிள்ளைக்குக் கேட்டதோ இல்லையோ, எனக்கு நன்றாகவே கேட்டது. தோலைப் பிய்க்கும்போது ஒரு தனிச் சத்தம் வருகிறது மாப்பிள்ளை, சின்னதாக, விட்டு விட்டு. கூடத்தில் பேப்பர் படித்தபடியே அதைப் பிடித்துவிட்டேன். உடனே ரிட்டயர்மெண்ட் நாளில் கழற்றி வைத்த விசிலைத் தேடி எடுத்து, சத்தம் வரும்போதெல்லாம் ஓர் ஊது ஊதினேன். முதல் நாள் நல்ல பலன். இரண்டாம் நாள்தான் தெரிந்தது, சோறு பிசைந்தாலும் தலை வாரினாலும் கொசு அடித்தாலும் வளையல் அதே மாதிரிதான் குலுங்குகிறது. அவள் ரசஞ்சாதம் பிசையும்போது நான் ஊத, அவளுக்குப் புரையேறி, உங்கள் அத்தை தலையில் தட்ட, அந்த நேரம் பார்த்துத் தெருவில் டிராக்டர் ஓட்டிக்கொண்டு போன செல்லப்பன், என்னிடம் ஒரு காலத்தில் டிரில் பழகியவன், வண்டியை நிறுத்தி இறங்கி, விறைப்பாக நின்றுகொண்டு, "கூப்டீங்களா சார்?" என்றான். பின்னால் வந்த மினி பஸ்ஸும் நின்றுவிட்டது. விசில் இப்போது உங்கள் அத்தையின் காவலில் இருக்கிறது. எங்கே என்று கேட்டால் எனக்கே சாப்பாடு கிடைக்காது.

அடுத்தது வேப்பெண்ணெய். கடிக்கிற பிள்ளைகளுக்குத்தானே அது, இவள் கடிப்பதில்லையே என்று உங்கள் அத்தை கேட்டாள். கேட்கத்தான் செய்தாள், நான்தான் காதில் வாங்கவில்லை. வழவழப்பாக இருந்தால் பிடிக்குப் பிசிறு அகப்படாது என்பது என் கணக்கு. ஒவ்வொரு விரலாக நானே தடவிவிட்டேன், வீடு முழுக்க அந்த நாற்றம். பிறகு கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு சாப்பிட உட்கார்ந்தால் சாம்பார் கசக்கிறது, கூட்டு கசக்கிறது, அப்பளம்கூடக் கசக்கிறது. "என்னத்தடி போட்டுச் சமைச்ச?" என்று நான் கேட்டதற்கு உங்கள் அத்தை கரண்டியைக் கீழே வைத்தாள். என் கையை எடுத்து என் மூக்குக்கு நேராகப் பிடித்தாள். பூங்குழலி மட்டும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள், சிரித்த கையோடு பத்து விரலையும் தலையணையில் துடைத்துவிட்டுப் பழையபடி ஆரம்பித்தாள்.

பிறகு இடது கட்டைவிரலில் மறுபடியும் ஓரம் சிவக்க ஆரம்பித்தது. நகச்சுத்திக்கு நம் பக்கத்தில் என்ன செய்வோம், எலுமிச்சம்பழத்தில் துளை போட்டு விரலைச் சொருகிவிடுவோம். சொருகினேன். அவள் வலது கட்டைவிரலைச் சுரண்ட ஆரம்பித்தாள். அதற்கும் ஒரு பழம் சொருகினேன். முந்தின வாரம் வியாழக்கிழமை நீங்கள் வீடியோ காலில் வந்தபோது அவள் எடுக்காததற்குக் காரணம் கோபம் என்று தயவுசெய்து நினைக்க வேண்டாம். இரண்டு கட்டைவிரலிலும் பழத்தை வைத்துக்கொண்டு போனை எப்படித் தேய்ப்பது? மூக்கால் முயன்று பார்த்தாள், கட் ஆகிவிட்டது. அப்புறம் நான் எடுத்து உங்களிடம் அங்கே மழையா என்று கேட்டேன். வேறெதுவும் கேட்கத் தோன்றவில்லை, மன்னிக்கவும்.

கை சும்மா இருப்பதால்தானே இந்த வேலை, வேலை கொடுத்தால் என்ன என்று விதைக்கடலை ஒரு மூட்டை வாங்கிப் போட்டேன். உரிக்க உட்கார்ந்தவள் அசையவில்லை. மூட்டை காலியாகிவிட்டது. பக்கத்து வீட்டு மஞ்சு எட்டிப் பார்த்து, "அடேயப்பா, மெஷினு தோத்துது போ. எங்களுதும் கொஞ்சம் இருக்குடி" என்று ஒரு சாக்கைக் கொண்டுவந்து இறக்கினாள். அவளைப் பார்த்து அடுத்த வீடு. தெருவில் பாதிப் பேருடைய கடலையை உங்கள் மனைவிதான் உரித்துக் கொடுத்திருக்கிறாள். கடலைத்தோடு கீறிக் கீறி நகக்கண்ணெல்லாம் புதுசு புதுசாகப் பிசிறு. நெருப்பை அணைக்கிறேன் என்று நானே விறகை அள்ளிப் போட்ட கதை ஆகிவிட்டது. அன்று சாயந்திரம் உங்கள் அத்தை என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்து, "அவ விரலப் பாக்குறீங்களே, மூஞ்சப் பாத்தீங்களா?" என்று கேட்டாள். நான் பார்க்கவில்லை என்பதுதான் உண்மை.

போன திங்கட்கிழமை அரியலூர் ஆஸ்பத்திரிக்கு செக்கப்புக்குப் போனோம். உங்கள் அத்தைக்கு மூட்டு வலி, நான்தான் கூடப் போனேன். வராந்தாவில் ஒரே கர்ப்பிணிப் பெண்கள் கூட்டம், பெஞ்சில் எங்களுக்கும் எப்படியோ இடம் கிடைத்தது. நர்ஸ் சண்முகப்பிரியா வளையலையெல்லாம் மேலே தள்ளி பிரஷர் பார்த்து, எல்லாம் சரியாக இருக்கிறது, டாக்டர் கூப்பிடும்வரை உட்காருங்கள் என்றாள். அந்த நேரத்தில் உள்ளே பிரசவ வார்டிலிருந்து ஒரு பெண் கத்துகிற சத்தம் கேட்டது. நின்றது, மறுபடி கேட்டது. நான் பூங்குழலியைத் திரும்பிப் பார்த்தேன். வளையல் சத்தமே இல்லை. ஆனால் விரல் ஓரத்தில் ரத்தம். எனக்குக் கேட்கக் கூடாதென்று வளையலை வயிற்றோடு சேர்த்து அழுத்திக்கொண்டு பிய்க்கப் பழகியிருக்கிறாள், படுபாவி. எப்போதிலிருந்து இப்படி என்று தெரியவில்லை. நான் விசில் ஊதியதில் அவள் விட்டது பழக்கத்தை அல்ல, சத்தத்தை மட்டும்தான்.

என்னிடம் எண்ணெயும் இல்லை, எலுமிச்சம்பழமும் இல்லை. என் பக்கமாக இருந்த அவளுடைய இடது கையைப் பிடித்துக்கொண்டேன். மாப்பிள்ளை, அவள் பெரிய மனுஷி ஆன நாளிலிருந்து நான் அவள் கையைப் பிடித்து நடந்ததில்லை. நம் வீடுகளில் அப்படித்தானே. அவளுக்கும் கூச்சமாகத்தான் இருந்தது.

"விடுங்கப்பா, எல்லாரும் பாக்குறாங்க."

"பாக்கட்டும். அவங்க பொண்ணா நீ?"

பிறகு தரையைப் பார்த்துக்கொண்டே, "பயமா இருக்குப்பா" என்றாள்.

எனக்குத் தெரிந்தது டிரில் மட்டும்தான். "முதுக நிமித்து. மூக்கால இழு. நிறுத்து. மெதுவா விடு" என்றேன். அவள் செய்தாள், நானும் செய்தேன். பக்கத்தில் இருந்த பெண்ணும், அவளுக்குப் பக்கத்தில் இருந்தவளும், யாரும் சொல்லாமலே செய்ய ஆரம்பித்துவிட்டார்கள். சற்று நேரத்தில் பெஞ்சு முழுக்க ஒரே சீராக மூச்சு விட்டது. வெளியே வந்த சண்முகப்பிரியா, "என்னங்க சார், ஸ்கூல் தொறந்துட்டீங்களா?" என்று கேட்டுவிட்டுப் போனாள். டாக்டரம்மா பார்த்துவிட்டு, பிள்ளை நல்லபடியாகத் திரும்பியிருக்கிறது, எடை நன்றாக இருக்கிறது, கவலைப்பட ஒன்றும் இல்லை என்றார். பஸ்ஸிலும் நான் கையை விடவில்லை. கீழப்பழுவூரில் இறங்கும்போதுதான் டிக்கெட் வாங்க மறந்தது ஞாபகம் வந்தது. கண்டக்டர் நல்ல மனிதர், காசை வாங்கிக்கொண்டு சிரித்தார்.

அன்றிலிருந்து மத்தியானம் சாப்பாடு முடிந்ததும் அவளும் நானும் கையைப் பிடித்துக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்து டி.வி. பார்க்கிறோம். பாதி நேரம் அவள் தூங்கிவிடுவாள், என் கை மரத்துப்போகும், எடுக்க மாட்டேன். உங்கள் அத்தை அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, "எனக்கு மூணு பிரசவம். ஒருநாளு என் கையத் தொட்டிருப்பீங்களா?" என்று கேட்டுவிட்டுப் போகிறாள். சிரித்துக்கொண்டேதான் கேட்கிறாள். நேற்று பார்த்தேன், விரல்களில் புதுத் தோல் மூட ஆரம்பித்துவிட்டது. பழக்கம் ஒழிந்தது என்றே வைத்துக்கொள்ளலாம். உங்கள் இரண்டாவது கேள்விக்கும் நல்ல பதில் சொல்லிவிட்டேன் என்ற திருப்தியோடு முடிக்கிறேன். அவசரப்பட்டுக் கிளம்ப வேண்டாம், வேலையைக் கவனியுங்கள், பிறந்ததும் போன் போடுகிறோம்.

பெரம்பலூரில் சம்பந்தி, சம்பந்தியம்மாள் இருவருக்கும் எங்கள் வணக்கத்தைச் சொல்லவும். ஷிப்டு முடிந்து வந்தால் வெறும் வயிற்றோடு படுக்க வேண்டாம். நீங்களும் உங்கள் குடும்பமும் பதினாறும் பெற்று, அதில் முதலாவதை நல்லபடியாகக் கையில் வாங்கி, நீடூழி வாழ வாழ்த்தும்,

உங்கள் அன்பு மாமனார்,
நல்லுசாமி

பின்குறிப்பு: மேலே உள்ளதை உங்கள் அத்தையும் பூங்குழலியும் படித்துப் பார்த்து, சரி என்று சொல்லி, கவரில் போடச் சொல்லிவிட்டார்கள். இப்போது இரண்டு பேரும் மஞ்சு வீட்டுக்குப் போயிருக்கிறார்கள். அதனால் ஒட்டுவதற்கு முன்னால் இதைச் சேர்க்கிறேன். பழக்கம் ஒழிந்தது என்று எழுதியது பாதிதான் உண்மை. ஆறியிருப்பது இடது கை மட்டும். வலது கை அப்படியேதான் இருக்கிறது. நான் ஒரு கையைப் பிடித்துக்கொண்டிருக்கும்போதே அந்தக் கை தன் கட்டைவிரலாலேயே பக்கத்து விரலைச் சுரண்டிக்கொண்டிருக்கிறது. "அதையும் குடும்மா" என்று கேட்டுப் பார்த்தேன். "இது இருக்கட்டும்ப்பா" என்று மடக்கிக்கொள்கிறாள். வற்புறுத்த எனக்கு மனசு வரவில்லை. கல்யாணப் பந்தலில் நான் உங்களிடம் பிடித்துக் கொடுத்தது அந்தக் கையைத்தான். கொடுத்ததைத் திரும்பக் கேட்பது முறையில்லை. லீவ வீணடிக்க வேணாம்னு அவ சொன்னத நம்பாதீங்க மாப்ள. இருக்கிற லீவ இப்பவே போட்டுட்டுக் கெளம்பி வாங்க.