புளி போட்டு விளக்கிய துவக்கு

"ஐயோ மேரிறோஸ், இது உரியுதப்பா!"

அம்புறோஸின் ஒரு கையில் பழப்புளி, மற்றக் கையில் நூற்றைம்பது வருடப் பழைய ரிவால்வர். கார் து நோர் ரயில் நிலையத்துக்குப் பின்னாலிருக்கும் பழம்பொருள் கடையில் அவனுக்குத் துப்புரவு வேலை. நாளை மூன்று மணிக்குப் பெரிய இடத்து அம்மா ஒருத்தி வாங்க வருகிறாள், எல்லாம் பளிச்சென்று இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு முதலாளி வெளியூர் போய்விட்டார். மஞ்சளித்து, பொருக்கு விட்டுக் கிடந்த ரிவால்வரைப் பார்க்க அம்புறோசுக்கே வெட்கமாகிவிட்டது. வீட்டுக்குக் கொண்டுவந்து, கோயில் மெழுகுதிரித் தண்டு விளக்குவதைப்போல விளக்கித் தொலைத்தான்.

"உரிஞ்சால் என்ன? அரியரத்தினத்தாரிட்டைக் குடுங்கோ. குத்துவிளக்குக்கே முலாம் போடுறவர்" என்றாள் அவன் மனைவி மேரிறோஸ்.

முருங்கைக்காய்ப் பையில் துவக்கை ஒளித்து, தெருமுனையில் நின்ற பொலிசைக் கண்டு வியர்த்து வழிந்து, ரூ பிலிப்-து-ஜிரார் தெருவிலிருந்த அவரது பட்டறைக்கு ஓடினான். அரியரத்தினம் ஏன், எதற்கு என்று ஒரு சொல் கேட்கவில்லை. கழற்றினார், நிக்கலில் தோய்த்தார், பூட்டினார். மறுநாள் காலை துவக்கு கண்ணைப் பறித்தது. விசைகூட மினுங்கியது.

பதினொரு மணிக்கு வெளியூரிலிருந்து முதலாளி ஃபோனில் அழைத்தார்.

"அந்த ரிவால்வரில் மட்டும் கை வைக்காதே. அசல் நிக்கல் மஞ்சளித்துத்தான் இருக்கும். அந்தப் பொருக்குக்குத்தான் விலையே. யாராவது மறுமுலாம் போட்டால் அது வெறும் இரும்பு!"

அம்புறோஸ் ஃபோனை வைத்துவிட்டு மினுங்கும் துவக்கைப் பார்த்தான். அடுத்த மாதம் வதிவிட அட்டை புதுப்பிக்கச் சம்பளச் சீட்டு வேண்டும். வேலை போனால் எல்லாம் போச்சு.

"இஞ்சருங்கோ, மஞ்சள் நிறம்தானே வேணும்? வீட்டில மஞ்சள்தூள் இல்லையோ?" என்றாள் மேரிறோஸ்.

தேங்காய் எண்ணெயில் குழைத்துப் பூசினார்கள். கடவுளே, அதையும் பூசினார்கள்!

மூன்று மணிக்குக் கடையில் அந்த அம்மா பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தாள். வெளியூரிலிருந்து திரும்பியிருந்த முதலாளி பக்கத்தில் பல்லிளித்தபடி நின்றார்.

"விசைக்கும் நிக்கல். அந்தக் காலத் தொழிற்சாலையில் விசைக்குப் பூசமாட்டார்கள். பொறித்த எழுத்தெல்லாம் தேய்ந்து மழுங்கியிருக்கிறது. இது மறுமுலாம்." பிறகு விரலை முகர்ந்தாள். "இதென்ன, கறி வாசம்?"

முதலாளி அதிர்ந்துபோய்த் துவக்கைப் பார்த்தார், பிறகு அம்புறோசைப் பார்த்தார். அவன் அழாக்குறையாக எல்லாவற்றையும் ஒப்புவித்தான்.

"மதாம்! நூற்றைம்பது வருடமாக ஒருவர் கை படாத அசல் முலாம்! இந்த மடையன் நாசமாக்கிவிட்டான்!" முதலாளி நெஞ்சில் அடித்துக்கொண்டார். "வெளியே போடா! இன்றோடு உன் வேலை முடிந்தது!"

அம்புறோஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஜாக்கெட்டை எடுத்தான். அப்போது கதவைத் தள்ளிக்கொண்டு அரியரத்தினம் வந்தார்.

"தம்பி, பூட்டேக்கை ஒரு திருகாணி மிஞ்சிப் போச்சு."

அதை மேசையில் வைத்தவர் முதலாளியைக் கண்டதும் முகமெல்லாம் சிரிப்பாகி, கடைக்கே கேட்கும்படி, தன் அரைகுறைப் பிரெஞ்சில் விசாரித்தார்.

"மிசியே, போன வருசம் நான் உங்கட துவக்குக்குப் போட்டுத் தந்த முலாம் அதுக்குள்ள உரிஞ்சு போச்சோ? மஞ்சளிக்கட்டும் எண்டு தேத்தண்ணிக்குள்ள கனநேரம் ஊறப் போட்டிட்டியள் போல!"